பதினாறரை அடி

எங்கள் குகையில் படிக்காதவர் என்று யாரும் கிடையாது. யாரை நிறுத்திக் கேட்டாலும் கோளத்தின் கன அளவுக்கான சூத்திரத்தை ஒப்பிப்பார்கள், நாலு பை மூணு பை ஆர் கியூப் என்று, பள்ளிக்கூடத்து ராகம் மாறாமல். அதே ஆளிடம், "உங்கள் வீட்டை மூன்று பங்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் எத்தனை அடி வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். சூத்திரம் போன இடம் தெரியாது. எழுந்து போய்க் கயிற்றை எடுத்துக்கொண்டு வருவார்.

எனக்கு இதில் எப்போதும் எரிச்சல்தான். நான் காற்று அளவகத்தில் அளவராக இருக்கிறேன். ஊரில் நிலத்துக்கு சர்வேயர் இருப்பதைப்போல இங்கே காற்றுக்கு நான். இந்தக் குகைக்கு நான் ஒருத்திதான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே தவறைத் திருத்திக்கொண்டிருக்கிறேன், அது திருந்துவதாகத் தெரியவில்லை.

செவ்வாயில் இடத்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் காற்றுக்குத்தான். அதனால் இங்கே சொத்து என்றால் காற்று. முதல் கப்பல்களில் வந்தவர்கள் பம்ப் ஃபிட்டர்களும் மோட்டார் கட்டுகிறவர்களும், முக்கால்வாசிப் பேர் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆட்கள். அவர்கள் உழைப்புக்கு ஏற்ப ஆளுக்கு இத்தனை கன அடி காற்று என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காற்றை ரப்பர்போல இழுபடும் செயற்கைத் தோலுக்குள் அடைத்தால் அது உருண்டையாகத்தான் நிற்கும். வேறு வடிவத்தில் நில் என்றால் கேட்காது. குகையின் கூரையிலிருந்து கம்பிகளில் தொங்கும் அந்த உருண்டைகள்தான் எங்கள் வீடுகள். நடுவில் ஒரு கம்பம், கம்பத்தின் பாதி உயரத்தில் தளம், தளத்துக்கு மேலே குடும்பம், கீழே தண்ணீர்த் தொட்டி.

காற்றைக் கண்ணால் பார்த்து அளக்க முடியாது. ஆகவே மக்கள் சுவரை அளந்தார்கள். கம்பத்திலிருந்து சுவர்வரை ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். வீட்டில் பிள்ளை பிறந்தால் அந்தக் கயிற்றை அவிழ்த்து, எத்தனை பிள்ளைகளோ அத்தனை சம பாகமாக முடிச்சுப் போடுவார்கள். அன்றைக்கு வீட்டில் பாயசம். கயிற்றுக்குப் பங்குக் கயிறு என்று பெயர். எல்லாம் ஊரில் தோட்டம் பிரித்த பழக்கம். ஒரே அகலத்தில் ஓடுகிற தோட்டத்தின் நீளத்தை மூன்றாக வெட்டினால் மூன்று பங்கு வந்துவிடும். தோட்டத்துக்கு அது சரியான கணக்கு. உருண்டைக்கு அந்தக் கணக்கு உதவாது.

கணக்குப் போடும் கருவியைக் கேட்டால் ஒரு நொடியில் சரியான விடை சொல்லும். ஆனால் மனிதர்கள் தெரியாததைத்தான் கருவியிடம் கேட்கிறார்கள். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பதை யாரும் கேட்பதில்லை.

முதல் தலைமுறை உயிரோடு இருந்தவரை இந்தத் தவறு பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. இப்போது அவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்கிறார்கள். பாகப்பிரிவினைக்கு என்று என் மேஜைக்கு முன்னால் அண்ணன் தம்பிகள் வந்து உட்காரத் தொடங்கியிருக்கிறார்கள்.

நாச்சிமுத்துவின் பிள்ளைகள் வந்தது காரியம் முடிந்த மறு வாரம். மூத்தவள் மயிலாத்தாள், நாற்பத்துமூன்று வயது, கல்யாணம் ஆகாதவள், கீரைக்கூடத்தில் வேலை. அடுத்தவன் சென்னியப்பன், மனைவி கோகிலாவைக் கூட்டி வந்திருந்தான். கடைசிப் பையன் திருமூர்த்திக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். அவன் கையில் கயிற்றுச் சுருள் இருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குத் தலைவலி வந்துவிட்டது.

"பாகம் பிரிச்சுக்கலாம்னு வந்தமுங்க மேடம். ரெண்டு பங்கு" என்றான் சென்னியப்பன்.

"வாரிசு மூணு பேராச்சே."

"அக்கா விடுதலை எழுதிக் குடுக்குதுங்க."

அக்கா தலையை ஆட்டினாள். முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. வீட்டுக்குப் பெரியவள் செய்கிற வேலைகளில் இதுவும் ஒன்று என்பதுபோல உட்கார்ந்திருந்தாள்.

இதுவும் ஊரிலிருந்து கப்பலில் ஏறி வந்த பழக்கம்தான். பெண்ணுக்கும் சம பங்கு என்று சட்டம் தெளிவாக இருக்கிறது. ஆனாலும் என் எதிர் நாற்காலியில் அக்காக்களும் தங்கைகளும் வந்து உட்கார்ந்து, "எனக்கெதுக்குங்க" என்று சிரித்துக்கொண்டே விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். என் அபிப்பிராயத்தை யாரும் கேட்பதில்லை. ஒரே ஒரு கேள்வியை மட்டும் நான் கேட்டே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைக் கேட்டேன்.

"நீங்க எவ்வளவு விட்டுக் குடுக்கறீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க. எட்டடி."

"எட்டடியா?"

திருமூர்த்தி கயிற்றை மேஜைமேல் நீட்டிவிட்டான். "ஊடு இருபத்திநாலு அடிங்க மேடம். மூணு முடிச்சு. ஆளுக்கு எட்டு. ஆனா எட்டடியில உருண்டை கட்ட நீங்க உட மாட்டீங்களே. பன்னெண்டு அடியாச்சும் வேணுமில்லீங்க. அதனால ரெண்டாப் போட்டா பன்னெண்டு, பன்னெண்டு. சரியா வந்து நிக்குது."

பன்னிரண்டு அடி ஆரத்துக்குக் குறைந்த உருண்டைக்கு அனுமதி இல்லை என்பது உண்மை. சிறிய உருண்டை சீக்கிரம் குளிர்ந்துவிடும், உள்ளே இருக்கிற காற்றோடு ஒப்பிட்டால் தோல் வழியாக ஒழுகுவதும் அதிகம். அதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். அதுவரைக்கும் சந்தோஷம். அவன் ஏமாற்றுவதற்காகப் பேசவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த கயிற்றை நம்பிப் பேசினான். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

"இது இன்னிக்குப் போட்ட கணக்கு இல்லீங்க" என்றாள் மயிலாத்தாள். "எனக்குப் பதினாறு வருசத்துக்கு முன்னால ஒரு சம்பந்தம் வந்துது. ரெண்டாங் குகைக்காரர். கல்யாணம்னா எம்பட பங்கைச் சீரா எடுத்துக் குடுக்கோணுமில்லீங்க? எடுத்துட்டா தம்பிக ரெண்டு பேருக்கும் எட்டெட்டுத்தான் மிஞ்சும். ஊடு கட்ட முடியாத பசங்களுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? வேண்டாம்னுட்டேன்."

"அவர் எப்படிப்பட்ட மனுசர்?" இது விதியில் உள்ள கேள்வி இல்லை. ஏனோ கேட்டுவிட்டேன்.

"நல்ல மனுசர்தாங்க. நெம்ப நாள் காத்திருந்தார். அப்பறம் வேற எடத்துல கட்டிக்கிட்டார்."

இந்த வருஷம் தக்காளி சரியாகக் காய்க்கவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள். தம்பிகள் இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

நான் கயிற்றைச் சுருட்டி ஓரமாக வைத்தேன். "ஊட்ல களி கிளறுவீங்களா?" என்று அவளிடம் கேட்டேன்.

"தெனமும்தாங்க."

"பெரிய களி உருண்டை ஒண்ணு இருக்கு. அதை மூணு பேருக்குப் பிரிச்சு, மூணு உருண்டையாப் பிடிக்கறீங்க. புது உருண்டையோட அகலம், பழசுல மூணுல ஒரு பங்குதான் இருக்குமா?"

அவள் உள்ளங்கையைக் குவித்தாள். இல்லாத களியை லேசாக உருட்டிப் பார்த்தாள். "இல்லீங்களே. கொஞ்சந்தான் சிறுசா இருக்கும். சின்னப் புள்ளைகளுக்குக் குடுத்தா அதே உருண்டைன்னு ஏமாந்துக்கும்."

"மூணுல ஒரு பங்கு அகலத்துல பிடிக்கோணும்னா எத்தனை உருண்டை வரும்?"

பதில் திருமூர்த்தியிடமிருந்து வந்தது. அவனுக்குப் படித்தது ஞாபகம் வர ஆரம்பித்துவிட்டது. "அகலத்துல மூணு, நீளத்துல மூணு, உசரத்துல மூணு." கொஞ்சம் நிறுத்தினான். "இருபத்தேழுங்க மேடம்."

"ஆமா. ஆளுக்கு எட்டடி வீடு வரணும்னா உங்கப்பாவுக்கு இருபத்தேழு பிள்ளைக இருந்திருக்கணும். நீங்க மூணே பேரு."

கோகிலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"உங்கப்பா பேர்ல இருக்கறது அம்பத்தெட்டாயிரம் கன அடி. சொத்து அதுதான், இந்தச் சுவர் இல்ல. அதை மூணாப் பிரிச்சா ஆளுக்குப் பத்தொம்பதாயிரத்து முந்நூத்திச் சொச்சம். அந்தக் காத்து எத்தனை அடி உருண்டையா நிக்கும்னு கண்டுபிடிக்கணும். மூணால பெருக்கு, பையோட நாலு மடங்கால வகு. வர்றது நாலாயிரத்து அறுநூத்திச் சொச்சம். எந்த எண்ணை மூணு தடவை எழுதிப் பெருக்கினா அது வரும்னு பாரு. அவ்வளவுதான் வேலை." மேஜைத் திரையில் விரலால் எழுதிக்கொண்டே போனேன். "பதினாறரை அடி. அதுக்கு மேல ரெண்டு அங்குலம்."

சென்னியப்பன் எழுதியதை மேலிருந்து கீழ்வரை படித்தான். பிறகு கீழிருந்து மேலே படித்தான்.

"அப்ப மூணு பேருக்குமே ஊடு நிக்குமுங்களா?"

"தாராளமா நிக்கும்."

அவன் அக்காவின் தோளைத் தொட்டான். "கேட்டியாக்கா? மூணு பேருக்கும் நிக்குமாம்." கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை, அந்த நிமிஷத்தில் அவனுக்கு உண்மையாகவே சந்தோஷம்தான். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

மயிலாத்தாள் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தக் கணக்கு எப்பவுமே இப்படித்தானுங்களா மேடம்? பதினாறு வருசத்துக்கு முன்னாலயும்?"

"எப்பவுமே இதேதான். இது மாறற கணக்கு இல்ல."

"ம்" என்றாள்.

அப்போதுதான் கோகிலா வாயைத் திறந்தாள். "ஏனுங்க மேடம், ரெண்டாப் போட்டா எத்தனைங்க வரும்?"

கேட்டால் சொல்லத்தான் வேண்டும். அதற்குத்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன். "பத்தொம்பது அடி."

"பத்தொம்பதுக்கும் பதினாறரைக்கும் ரெண்டரை அடிங்களா?"

"அதுல ஒரு அங்குலம் குறைவு."

"சுத்திலும் ரெண்டரை அடின்னா ஒரு ரூமே எச்சா வருமுங்களே" என்றாள் அவள், யாரையும் பார்க்காமல்.

அவளைக் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள், மூன்றாவது வயிற்றில். கட்டில் போடுகிற இடத்தை மனதுக்குள் அளந்திருப்பாள். ஆனால் அவள் சொன்னதும் அறைக்குள் ஏதோ நகர்ந்துவிட்டது. சென்னியப்பனின் கை அக்காவின் தோளிலிருந்து இறங்கிவிட்டது. எப்போது இறங்கியது என்று நான் கவனிக்கவில்லை.

"அக்கா, நான் என்ன சொல்றேன்னா" என்று ஆரம்பித்தான். "நீ ஒத்தை ஆளு. உனக்கெதுக்குப் பதினாறரை அடி? தனியா ஒரு ஊட்டைக் கட்டித் தொடைச்சுக்கிட்டு என்னத்துக்கு? எங்கூடவே இரு. உனக்குன்னு ஒரு மூலையை ஒதுக்கித் தாரேன்."

உருண்டை வீட்டில் மூலை எங்கே இருக்கிறது என்ற கேள்வி எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"ஆறு மாசம் அண்ணனூட்ல, ஆறு மாசம் எங்கூட்ல" என்றான் திருமூர்த்தி. பிறகு என் பின்னால் சுவரைக் காட்டினான். "மேடம், நீங்களே போட்டிருக்கீங்களே."

எங்கள் அளவகம் ஒட்டிய அறிவிப்பு அது. சேர்ந்து வாழ்வோம், காற்றைக் காப்போம். ஒரு உருண்டையை மூன்றாக்கினால் தோல் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆகிவிடும், ஒழுகும் காற்றும் அதேபோல ஏறும். ஒழுகின காற்று குகைக்குள் போய்விட்டால் திரும்ப வராது. அதனால் என் மேலதிகாரிகளுக்குப் பாகப்பிரிவினை என்றாலே பிடிக்காது. மூன்று பங்கு இரண்டானால் எனக்கு ஒரு பாராட்டுகூடக் கிடைக்கலாம்.

"ஒழுகறது நெசந்தான் தம்பி" என்றேன். "ஆனா அந்த அறிவிப்பு அண்ணனும் தம்பியும் பிரியறதுக்கும் சேர்த்துத்தான். மூணு பேரும் பழைய வீட்லயே இருந்துக்கறீங்களா? காயிதத்தை இப்பவே மூடிடறேன்."

ஆறு பேர் நிற்கக்கூடிய அந்தச் சின்ன அறையில் எல்லோரும் மயிலாத்தாளைப் பார்த்தார்கள். ஒரு கையெழுத்து. அவள் போட்டால் தம்பிகளுக்குப் பத்தொன்பது, போடாவிட்டால் பதினாறரை. அவளுக்குப் போட்டால் ஒன்றும் இல்லை, போடாவிட்டால் ஒரு வீடு.

"சென்னீ" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "கையெழுத்துப் போடறதுக்குத்தான் வந்தேன். இந்தம்மா வாயைத் தொறக்காம இருந்திருந்தா இந்நேரம் போட்டிருப்பேன். எம்பட பங்கை எடுத்தா உங்க ரெண்டு பேருக்கும் ஊடே நிக்காதுன்னு நெனச்சேன். அதுக்காகத்தான் கட்டிக்காம இருந்தேன், அதுல எனக்குக் கொறை ஒண்ணுமில்ல. ஆனா இப்பப் பாத்தா ரெண்டரை அடி. ரெண்டரை அடிக்கு நான் போட மாட்டேன்."

"நாங்க என்னக்கா அந்நியமா?"

"அந்நியமா இருந்தாக் கேட்டிருக்கவே மாட்டீங்க."

சென்னியப்பன் என்னைப் பார்த்தான். நான் ஏதாவது சமாதானம் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பான். அந்த வேலைக்கு என்னை வைக்கவில்லை.

"மூணாவே போடுங்க மேடம்" என்றாள் மயிலாத்தாள். போட்டேன்.

வெளியே நடைபாதையில் கோகிலா அழுகிற சத்தம் கேட்டது. அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டு போனது மயிலாத்தாள்தான்.

தோல் வந்து சேர இரண்டு மாதம் ஆயிற்று. பெரிய வீட்டை இறக்கிய அன்று அக்கம்பக்கத்தார் எல்லோரும் மூடிய கண்ணாடிப் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். குழாய்களில் காற்றை மூன்று பக்கம் பிரித்து விட்டோம். பழைய உருண்டை சுருங்கச் சுருங்க, பக்கத்தில் மூன்று புது உருண்டைகள் எழும்பி நின்றன. பார்த்தவர்களுக்கு நம்பவே முடியவில்லை. மூன்றும் ஏறக்குறைய பழைய வீட்டைப்போலத்தான் இருக்கின்றன, எங்கிருந்து இத்தனை காற்று வந்தது என்று ஒருவர் என்னிடமே கேட்டார். நாச்சிமுத்து இரகசியமாகச் சேர்த்து வைத்திருந்தாராம். அவருக்கும் களி உருண்டையிலிருந்து ஆரம்பித்தேன்.

தம்பிகள் இருவரும் பழைய இடத்திலேயே பக்கத்துப் பக்கத்தில் தொங்கவிட்டுக்கொண்டார்கள். மயிலாத்தாள் மட்டும் கீரைக்கூடத்துக்குப் பக்கத்து வரிசையில் இடம் கேட்டு வாங்கியிருந்தாள், அவளுடைய உருண்டையைக் கம்பியில் அங்கே நகர்த்தினோம். மறுநாள் ஆரம் சரிபார்க்கப் போனேன். லேசர் அளவுகோலைக் கம்பத்தில் வைத்துச் சுவர் முழுக்கச் சுற்றி அளந்தேன். பதினாறு அடி எட்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் கம்மி. கணக்கில் வந்ததற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

"கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்பீராதீங்க. சித்த உக்காருங்க, சுக்குக் காப்பி வெக்கறேன்" என்றாள்.

வீட்டில் இன்னும் ஒன்றும் வரவில்லை. ஒரு அடுப்பு, ஒரு பாய், நாலு பாத்திரம். தளம் விஸ்தாரமாகக் கிடந்தது. அவள் காலையிலிருந்து சுவர் ஓரமாக நாலைந்து தடவை சுற்றி நடந்தாளாம். சொல்லிவிட்டுத் தானே வெட்கப்பட்டுச் சிரித்தாள். சென்னியப்பன் இன்னும் பேசுவதில்லை, ஆனால் கோகிலா நேற்றுப் பிள்ளைகளை அனுப்பி வைத்தாள் என்றாள். சின்னவன் கல்யாணத்துக்கு இந்த வீட்டில்தான் பெண் அழைப்பு என்றாள்.

காப்பியைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"மேடம், ஒண்ணு கேக்கோணும். அன்னிக்குத் தம்பிகளை வெச்சுக்கிட்டுக் கேக்கலை."

"கேளுங்க."

"அந்தச் சம்பந்தம் வந்தப்ப அப்பா உங்க ஆபீசுக்கு வந்தாருங்க. நானும் கூட வந்தேன். என்னைய வெளிய பெஞ்சுல உக்கார வெச்சுட்டு உள்ள போனார். நெம்ப நேரம் ஆச்சு. வந்தவரு, 'கேட்டுட்டேன் அம்மிணி, எட்டடிதானாம், அந்த மேடமே போட்டுச் சொல்லீட்டாங்க'ன்னார். அதுக்கப்பறந்தான் நான் வேண்டாம்னு சொன்னேன். கயித்தை மட்டும் நம்பிச் சொல்லலீங்க." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அன்னிக்கு உள்ள இருந்தது நீங்களுங்களா?"

நான்தான். வேறு யார் இருந்திருக்க முடியும்? அந்த மனிதரும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டார். பெயர் ஞாபகம் இல்லை, நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது ஞாபகம் இருக்கிறது. பிரிவினை எதுவும் இல்லாமல் சும்மா கேட்டுப் போக வந்தவர்கள் அந்தக் காலத்தில் குறைவு. மூன்றாகப் பிரித்தால் எத்தனை அடி என்று கேட்டார். சொன்னேன். நம்பாமல் மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் தடவையும் போட்டுக் காட்டினேன். எழுந்திருக்கும்போது, "இதை வேற யாராச்சும் வந்து கேட்டாச் சொல்லுவீங்களா?" என்றார். யார் கேட்டாலும் சொல்லுவோம் ஐயா என்றேன். நல்ல செய்தியோடு போகிறார் என்று நினைத்தேன்.

"எட்டுன்னு சொன்னீங்களா?" என்றாள் மயிலாத்தாள். "அப்ப நீங்களும் வேலைக்குப் புதுசா இருந்திருப்பீங்க. கணக்குத் தப்பிப் போயிருக்கலாம். அப்பிடி இருந்தாலும் சொல்லீருங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

எனக்கு அவளே வழி போட்டுக் கொடுத்துவிட்டாள். ஆமாம், அன்றைக்குத் தப்பாகச் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றால் முடிந்தது. பழி எனக்கு வரும், அதை நான் தாங்கிக்கொள்வேன். செத்துப்போனவர் நல்லவராகவே இருந்துவிட்டுப் போவார். அவளும் அதைத்தான் வேண்டுகிறாள் என்று அவள் முகத்தில் தெரிந்தது. சொல்லிவிடலாம் என்று டம்ளரைக் கீழே வைத்தேன். ஆனால் இந்தப் பெண்ணிடம் ஏற்கெனவே ஒருவர் யோசித்து, யாருக்கோ நல்லது என்று, தப்பான எண்ணைச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது ஆளாக நானும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"இல்லீங்க" என்றேன். "பதினாறரைன்னுதான் சொன்னேன். மூணு தடவை போட்டுக் காட்டினேன்."

அவள் எழுந்து போய் எரியாத அடுப்பின் திருகைச் சரிபார்த்தாள். திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

"அப்ப அவருக்குத் தெரியும்."

"தெரியும்."

"அம்மா போய்ச் சேந்துட்டாங்க. சின்னவனுக்கு அப்ப பன்னெண்டு வயசு. கம்ப்ரசர் ஷிப்டுக்குப் போனாருன்னா ஊட்டுல ஆளு வேணும்" என்றாள். என்னிடம் சொல்வதாகத் தெரியவில்லை. அவருக்காக அவளே பேசிக்கொண்டிருந்தாள். "களி கிளற, தொட்டி கழுவ, இவனுகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப. பாவம், அவரும் என்னதான் பண்ணுவார்."

காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

அவள் என் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"எட்டுன்னு சொல்லியிருக்க வேண்டியதில்லீங்க மேடம். 'இரு அம்மிணி, என்னால தனியா முடியல'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தாப் போதும். நான் இருந்திருப்பேனுங்களே."